சபைக்குப் புதிதாக வந்தவருக்கு: முதல் ஓராண்டு

ஆறு மாதம் தவறாமல் ஆராதனைக்கு வந்தும் சபையில் ஒருவருக்கும் பெயர் தெரியாதவராகவே இருப்பவர்கள் உண்டு. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது உள்ளே நுழைவார்கள். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். சில மாதங்களில் வருவதும் நின்றுபோகும். இதில் சபையாருக்கும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர் தன் பக்கத்திலிருந்து செய்யக்கூடிய சில சின்னக் காரியங்கள் தெரிந்திருந்தால், இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஆதி சபையார் நான்கு காரியங்களில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 2:42: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இரண்டாவதாக வரும் ‘அந்நியோந்நியம்’ என்பதைத்தான் இன்று ஐக்கியம் என்கிறோம். அதன் கிரேக்க மூலச்சொல் கொய்னோனியா. ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பண உதவியைப் பற்றி ரோமர் 15:26 பேசும்போதும் இதே சொல்தான் வருகிறது. ஒன்றில் பங்கு வைத்திருப்பது, பங்கு கொடுப்பது, இரண்டுமே அந்தச் சொல்லுக்குள் அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்து பாடியதால் மட்டும் ஐக்கியம் வந்துவிடாது. உங்கள் பெயரும், உங்கள் வீட்டு நிலைமையும், இந்த வாரம் உங்களை அழுத்துகிற பாரமும் மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடையது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்று பேரை அடையும் வழிதான்.

முதல் ஆறு ஞாயிறுகள்

ஒரு சபையை ஒரே வாரத்தில் எடைபோடாதீர்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஆண்டுவிழா நாட்களில் பார்த்தது அந்தச் சபையின் அன்றாட முகமாக இருக்காது. தொடர்ந்து ஆறு ஞாயிறு போங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டால் அறிமுகமானவர்களுக்கும் உங்கள் முகம் மறந்துபோகும்.

ஆராதனைக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், முடிந்தபின் இருபது நிமிடம் நில்லுங்கள். ஒருவரோடொருவர் பேசுவது பெரும்பாலும் இந்த முப்பத்தைந்து நிமிடத்தில்தான். ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய அதே இடத்தில் உட்காருங்கள். சபைக்கு வருகிறவர்கள் பலரும் தங்கள் வழக்கமான இடத்தைத்தான் தேடி உட்காருவார்கள். மூன்றாவது வாரத்தில் உங்களைச் சுற்றியிருக்கும் ஆறேழு முகங்கள் பழகிவிடும். வாரம் ஒரு பெயர் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பியுங்கள். பெயர் மறந்துவிட்டால், “மன்னிக்கணும் பிரதர், போன வாரம் பெயர் கேட்டேன், மறந்துட்டேன்” என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. எதிரில் நிற்பவரும் உங்கள் பெயரை மறந்திருக்கலாம். இப்படிக் கேட்டால் அவருக்கும் கூச்சம் போய்விடும்.

பிரசங்க வேளையில் வேதபகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரோயா ஊரார், அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; அதற்காக அவர்களைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறது (அப்போஸ்தலர் 17:11). பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்க வேண்டியதில்லை. மனதில் தைத்த ஒரு வரி, புரியாத ஒரு கேள்வி, இந்த இரண்டும் போதும். அந்தக் கேள்வியை ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். வானிலையைப் பற்றிப் பேசுவதைவிட அது நல்ல தொடக்கம்.

அங்கத்தினர் ஆவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஆறு வாரம் கழிந்ததும் போதகரையோ சபை நடத்தும் பெரியவர்களான மூப்பர்களில் ஒருவரையோ அரை மணி நேரம் சந்திக்கக் கேளுங்கள். சபை எதை நம்புகிறது என்று சொல்லும் விசுவாச அறிக்கை எழுத்தில் இருக்கிறதா? ஞானஸ்நானம் யாருக்கு, எப்படிக் கொடுக்கிறார்கள்? சில சபைகளில் குழந்தைகளுக்கும் உண்டு. சில சபைகளில் தானாக விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகுதான். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் யார் பங்குபெறலாம்? தீர்மானங்களை எடுப்பது ஒருவரா, குழுவா? காணிக்கையை யார் எண்ணுகிறார்கள், ஆண்டுக் கணக்கு சபையார் முன் வாசிக்கப்படுகிறதா? ஒழுங்காக நடக்கும் சபையில் உறவினர் அல்லாத இரண்டு பேராவது சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவார்கள். இதைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. தர்மப்பணத்தை எடுத்துச் செல்லும்போது தன்மேல் யாரும் குறை சொல்லாதபடி பவுல் வேறு சகோதரரையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21).

பிள்ளைகள் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஞாயிறு பள்ளியில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க இடமுண்டா? இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டாலே ‘கலகம்’ என்பார்கள், குடும்பத்தாரோடு உறவை அறுக்கச் சொல்வார்கள், சுகம் கிடைக்க இவ்வளவு பணம் என்பார்கள், மருந்தை நிறுத்தச் சொல்வார்கள் என்றால், அந்த இடத்தில் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வார நாட்கள்: வேதமும் ஜெபமும்

ஞாயிறு கேட்டது திங்கட்கிழமை கரைந்துபோவதற்குக் காரணம், வார நாட்களில் அதைத் தாங்கிப்பிடிக்க ஒன்றும் இல்லாததுதான். புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர் ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்தால், யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக்கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள் வரும்போது தடுமாறுவார், லேவியராகமத்தில் நின்றேபோவார். மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்றாக வாசித்தால் 16 நாளில் முடியும். பிறகு அப்போஸ்தலர் நடபடிகள் 28, அதன்பின் யோவான் 21. புதிய ஏற்பாடு முழுவதும் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தால் 52 வாரத்தில் கச்சிதமாக முடிகிறது. மீதி இரண்டு நாளில் சங்கீதம் வாசிக்கலாம்.

ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டு மடங்கு வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள். வாசிப்பு வழக்கம் அறுந்துபோவது இப்படித்தான்: மூன்று நாள் பாக்கி சேரும், அது கடன்போல் கழுத்தை நெரிக்கும், கடைசியில் வேதத்தைத் திறக்கவே மனம் வராது. விட்ட இடத்திலிருந்து ஓர் அதிகாரம், அவ்வளவே. பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு எதுவோ அதோடும் பழகுங்கள். இல்லாவிட்டால் சேர்ந்து வாசிக்கும் நேரத்தில் நாக்கு தடுக்கும்.

ஜெபத்துக்குப் பத்து நிமிடம். ஒரு தாளை ஏழு நாளாகப் பிரித்து, நாளுக்கு இரண்டு பெயர் எழுதுங்கள். பதினான்கு பேரையும் ஒவ்வொரு நாளும் சொல்லத் தொடங்கினால் அது வெறும் பெயர்ப்பட்டியல் ஆகிவிடும். இரண்டு பேர் என்றால் அவர்கள் முகம் கண்முன் நிற்கும்.

வீட்டுக்கூட்டம்

சபையார் சிலர் ஒருவர் வீட்டில் கூடி, வேதம் படித்து ஜெபிக்கும் சிறு கூட்டம் இது. உண்மையான ஐக்கியம் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை நல்ல அளவு. பதினைந்தைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற கூட்டத்துக்குத்தான் வேலைக்குப் போகிறவர்கள் தொடர்ந்து வருவார்கள். பாட்டுக்கும் குசலம் விசாரிப்பதற்கும் இருபது நிமிடம், வேதபகுதிக்கு நாற்பது, ஜெபத்துக்கு முப்பது என்று பிரித்தால் சரியாக வரும். பல கூட்டங்களில் கெட்டுப்போவது இந்தக் கடைசி முப்பது நிமிடம். வேதப்பாடம் இழுத்துக்கொண்டே போகும், ஜெபத்துக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும், ஒருவர் எல்லாருக்காகவும் ஜெபித்து முடித்துவிடுவார்.

ஜெபக்குறிப்புச் சொல்வது ஒரு பழக்கம், கற்றுக்கொள்ளலாம். “எனக்காக ஜெபிச்சுக்கங்க” என்றால் கேட்பவருக்குப் பிடிமானம் இல்லை. “வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஸ்கேன் இருக்கு. ரெண்டு நாளாத் தூக்கம் இல்லை. அந்த நேரத்துல ஒருதரம் நினைச்சுக்கங்க” என்று சொன்னால் நாள் தெரிகிறது, நேரம் தெரிகிறது, பயம் தெரிகிறது. கேட்டவர் எழுதிக்கொள்கிறார். வியாழன் சாயங்காலம், “அக்கா, ஸ்கேன் என்னாச்சு?” என்று ஒரு போன் வருகிறது. அந்தப் போனில்தான் ஐக்கியம் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்ட குறிப்புகளுக்கும் நாள் குறித்துவைத்து, அந்த நாளில் விசாரியுங்கள். முடிவு தெரிந்ததும் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், ஜெபித்தவர்கள் காத்திருப்பார்கள்.

சத்தமாக ஜெபிக்கப் பயமாக இருந்தால் முதல் மாதம் ‘ஆமென்’ மட்டும் சொல்லுங்கள். அடுத்து ஒரே ஒரு வாக்கியம்: “ஆண்டவரே, வியாழக்கிழமை அக்காவோடு இரும்.” அது முழு ஜெபம்தான். அடுக்குமொழி வேண்டியதில்லை.

கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு நிற்க வேண்டும். கணவனிடமோ மனைவியிடமோ சொல்வதானாலும் சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டுத்தான். ஜெபக்குறிப்பின் வேஷத்தில் புறங்கூறுதல் எளிதாக நுழைந்துவிடும்: “அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கணும், ஏன்னா நேத்து என்ன நடந்துச்சுன்னா...” அந்த ‘ஏன்னா’ வரும் இடத்தில் நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் இதே விதி. இன்னொருவரின் நோய், கடன், வீட்டுச் சண்டை எதையும் அவர் அனுமதியின்றிப் பதிவிடக் கூடாது.

மனஸ்தாபம் வரும்போது

வராமல் இருக்காது. ஆதி சபையிலேயே, தங்கள் விதவைகள் அன்றாட உதவிப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது (அப்போஸ்தலர் 6:1-6). புதியவர்கள் பலர் முதல் மனஸ்தாபத்திலேயே சபையை விட்டுவிடுகிறார்கள். மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசையைக் கற்றுக்கொண்டால் அந்த நிலைமை வராது: முதலில் தனியாக, கேட்காவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு.

முதல் படியில்தான் எல்லாரும் தவறுகிறோம். “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், முதலில் மூன்றாம் மனிதரிடம் போகிறோம். அவர் வேறொருவரிடம் சொல்வார். சம்பந்தப்பட்டவருக்குப் போய்ச் சேரும்போது அது வேறு விஷயமாகிவிட்டிருக்கும்.

செய்ய வேண்டியது இது. கோபம் தணிய ஓர் இரவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். செய்தி தட்டி அனுப்ப வேண்டாம், நேரில் பேசுங்கள். ஆராதனைக்கு ஐந்து நிமிடம் முன்பு வேண்டாம். நடந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள்:

“அண்ணே, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? போன ஞாயிறு பாட்டுப் பயிற்சியில எல்லார் முன்னாலயும் ‘உனக்குச் சுருதியே வராது’ன்னு சொன்னீங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நீங்க அப்படி நினைச்சுச் சொன்னீங்களா?”

கடைசிக் கேள்வி முக்கியமானது. அவர் விளக்கம் சொல்ல அது இடம் கொடுக்கிறது. ‘எப்பவும்’, ‘எல்லாரும் சொல்றாங்க’ என்ற வார்த்தைகளைத் தவிருங்கள். அவை வந்தவுடன் பேச்சு வழக்காடலாகிவிடும். பாதி நேரம், அவருக்கு அப்படிச் சொன்னதே நினைவிருக்காது. மன்னிப்புக் கேட்டால் “பரவாயில்லை” என்று மழுப்பாமல், “மன்னிச்சிட்டேன் அண்ணே” என்று வாய்திறந்து சொல்லுங்கள். தவறு உங்களுடையது என்று தெரிந்தால் நீங்களே போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24.

இந்த வரிசை எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள்மேல் அத்துமீறல், அடி உதை, பாலியல் தொல்லை, பண மோசடி ஆகியவை குற்றங்கள். பாதிக்கப்பட்டவரை, ‘முதலில் அவரோடு தனியாகப் பேசு’ என்று அனுப்புவது கொடுமை. காவல்துறையிடம் போக வேண்டும். ‘சபை மானம்’ என்று சொல்லி மூடிமறைக்கிறவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

திருவிருந்து

வாரந்தோறும் நடத்தும் சபைகளும் உண்டு, மாதம் ஒருமுறை நடத்துபவையும் உண்டு. நாள் தெரிந்தால் முந்தின இரவே ஆயத்தமாகுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து பங்குபெறச் சொல்கிறது 1 கொரிந்தியர் 11:28. அந்த வசனத்தைக் கேட்டுப் பயந்து விலகியே இருப்பவர்கள் உண்டு. ‘சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்’ என்றுதான் இருக்கிறது. கொரிந்து சபையில் பவுல் கண்டித்ததும், ஏழைகள் பசியாயிருக்கப் பணக்காரர் முந்திச் சாப்பிட்டதைத்தான். அதனால் அந்த இரவில் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: சபையில் நான் யாரை ஒதுக்கியிருக்கிறேன்?

காணிக்கை, கடன்

காணிக்கையை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்துவிடுங்கள். மிஞ்சியதிலிருந்து கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. பத்தில் ஒரு பங்கு என்று சில சபைகள் கற்பிக்கின்றன. அவனவன் மனதில் நியமித்தபடி என்று 2 கொரிந்தியர் 9:7-ஐச் சில சபைகள் பிடித்துக்கொள்கின்றன. கடனில் இருப்பவர் சின்னத் தொகையில் தொடங்கட்டும். விசனமாகவும் கட்டாயமாகவும் கொடுக்க வேண்டாம் என்று அதே வசனம் சொல்கிறது.

சபையாருக்குள் கைமாற்று கொடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பணம் திரும்பாதபோது கொடுத்தவர், வாங்கினவர் இருவருமே ஆராதனைக்கு வராமல் போவார்கள். ஒருவர் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் தொகையை உதவியாகவே கொடுத்துவிடுங்கள். பெரிய தேவையென்றால் சபையின் உதவிநிதிக்குக் கொண்டுபோங்கள். பிணைக் கையெழுத்து வேண்டாம்; அப்படிச் சிக்கியவரை, வேட்டைக்காரன் கையிலிருந்து மான் தப்புவதுபோலத் தப்பச் சொல்கிறது நீதிமொழிகள் 6:1-5. “பிரதர், ஒரு நல்ல முதலீடு இருக்கு” என்று ஆராதனை முடிந்ததும் யாராவது வந்தால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

கலாத்தியர் 6-இல், “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று இரண்டாம் வசனமும், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்று ஐந்தாம் வசனமும் அருகருகே வருகின்றன. மூலமொழியில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒருவரை நசுக்கும் சுமைக்குத் தோள் கொடுக்க வேண்டும். அவரவர் தூக்க வேண்டிய மூட்டையை அவரவர்தான் தூக்க வேண்டும். சபையில் உதவி செய்யப் போகும் ஒவ்வொரு முறையும் இது எந்தச் சுமை என்று யோசியுங்கள்.

நோயிலும் துக்கத்திலும்

நோயாளியைப் பார்க்கப் போகுமுன் போன் செய்து கேளுங்கள். மருத்துவமனையில் பதினைந்து நிமிடம் போதும். நோய் விவரத்தைத் துருவாதீர்கள். இன்னொருவருக்கு இதே நோய் வந்து என்னவானது என்ற கதை வேண்டாம். சங்கீதம் 23 ஆறு வசனம், 121 எட்டு வசனம். அவர் விரும்பினால் ஒன்றை வாசித்து, ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள். விசுவாசம் குறைந்ததால் வந்த நோய் என்று மறைமுகமாகக்கூடச் சொல்லக் கூடாது. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாய் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள்.

துக்க வீட்டில் முதல் வாரம் ஆள் நிறைந்திருக்கும். ஆறாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ஆறாவது வாரத்தை நாள்காட்டியில் குறித்துவைத்துப் போங்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டால், ஆமாம் அல்லது வேண்டாம் என்று பதில் சொல்வது சுலபம்.

ஊழியத்தில் கை கொடுப்பது

மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு பொறுப்பை ஆறு மாத காலத்துக்கு என்று சொல்லி எடுங்கள். நாற்காலி அடுக்குவது, வாசலில் வரவேற்பது, மைக் கம்பிகளைச் சுருட்டி வைப்பது போன்ற வேலைகளில் இரண்டு பேர் சேர்ந்து நிற்பார்கள், பேச்சு தானாக வரும். மேடைக்கு அவசரம் வேண்டாம். உற்சாகமாக இருக்கிறார் என்று புதியவர்மேல் நான்கு பொறுப்பைச் சுமத்திவிடும் சபைகள் உண்டு. ஒரு வருடத்தில் அவர் களைத்து, ஆராதனையே வேலையாகிவிட்டது என்று ஒதுங்கிவிடுவார். “ஐயா, இப்போ ஒண்ணு மட்டும் செய்யறேன்” என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் தொடர்வதா, மாறுவதா, ஓய்வெடுப்பதா என்று பேசித் தீர்மானியுங்கள்.

வேறு ஊருக்குப் போகும்போது

வேலை மாற்றத்தாலோ திருமணத்தாலோ சபை மாற வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே போதகரிடமும் வீட்டுக்கூட்டத்திலும் சொல்லுங்கள். சாவி, பாட்டுப் புத்தகம், கணக்கு நோட்டு எதுவும் உங்களிடம் இருந்தால் கையில் கொடுத்துவிடுங்கள். மனஸ்தாபம் மிச்சம் இருந்தால் போகுமுன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். புதிய சபைக்கு ஓர் அறிமுகக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பெபேயாள் என்ற சகோதரியைச் சேர்த்துக்கொண்டு உதவி செய்யும்படி பவுல் ரோமர் 16:1-2-இல் எழுதியது இப்படிப்பட்ட ஒன்றுதான். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறே, பதினைந்து நிமிடம் முன்னதாக, அந்தக் கடிதத்தோடு புதிய சபையின் வாசலுக்குப் போய்விடுங்கள்.